இடது முன்

பீல் நகரத்தில் ஞாயிறு இரவு எட்டரை.
கீழ்வீட்டு ஏஷ்லிமான் அம்மா படுக்கப் போக
இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.
பத்துக்குப் பிறகு நான் பிரேக் மிதித்தால்
அவர் வீட்டு விளக்கு ஆடுகிறதாம்.
பெடலுக்கு அடியில் யோகா விரிப்பை
நாலாய் மடித்து வைத்திருக்கிறேன்.
அதற்குமேல் என்னால் ஆவது ஒன்றுமில்லை.

முப்பத்தாறு சுற்று, இருபத்திரண்டு கார்.
தூனிலிருந்து ரேட்டோ, பெசான்சோனிலிருந்து மாத்துரன்.
ஒருவர் முகமும் பார்த்ததில்லை,
எந்த வளைவில் யாருக்குத் துணிவு போதாது என்பது மட்டும் தெரியும்.
காதுக்குள் இந்துஷன், சார்புரூக்கனில் இருந்து.
எரிபொருள், தரைச்சூடு, முன்னால் போகிறவனின் அவசரம்
எல்லாம் அவனுடைய எக்செல் தாளில்.
"இடது முன் அறுபத்தெட்டு" என்கிறான்,
காய்ச்சல் பார்த்துச் சொல்கிற மாதிரி.

பகலில் நான் ஓட்டுவது
பதினெட்டு மீட்டர் மின்கம்பிப் பேருந்து.
எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது
எல்லாம் அச்சடித்துத் தரிப்பிடத்தில் ஒட்டியிருக்கிறது.
அதன் டயர் தேய்ந்தால் பணிமனையில்
பேயாட் குனிந்து அளக்கிறார்,
எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.
எப்போது நிற்பது என்பது
ஞாயிறு இரவில்தான் என் கையில்.

கையில் என்றால், பாதி.
"பதினாறில் வா. ரேட்டோவுக்கு முன்னம் புது டயர் போட்டால்
அவன் வெளியே வரும்போது நீ முன்னுக்கு நிற்பாய்."
கணக்குச் சரிதான்.
ஆனால் அந்த டயர் கடைசி மூன்று சுற்றில் பல்லிளிக்கும்.
"இன்னும் கொஞ்சம்" என்றேன்.
பதினாறில் ரேட்டோ உள்ளே போனான்.
நான் மாதக்கடைசிச் சம்பளம்போல ரப்பரைக் கிள்ளிக் கிள்ளிச் செலவழித்தேன்.
காரின் மூக்கு நான் சொன்னதைக் கேட்டு,
யோசித்து,
பிறகுதான் திரும்பியது.
பிரேக் வழுக்கியது. டயரைத் திட்டினேன்,
வாய்க்கு வந்த அத்தனையும் சொல்லி.

பத்தொன்பதில் போனேன்.
வெள்ளைக் கோடு, வேகக் கட்டுப்பாடு, பெட்டி.
இல்லாத நாலு பேர் ஓடிவந்து
இல்லாத சக்கரங்களைக் கழற்றினார்கள்.
பதினொரு விநாடி. எனக்கு வேலையில்லை.
குனிந்து பார்த்தேன்.
இடது காலுறையில், பெருவிரலுக்குக் கீழே,
ஒரு பிராங்க் குற்றியளவு ஓட்டை.
இடது காலால்தான் நான் பிரேக் பிடிப்பது.

அப்போ இத்தனை நேரமும் வழுக்கியது?

மேசைக்கடியில் மடிக்காத துணிக்கூடை.
கையை விட்டேன்: வலது. மறுபடியும் வலது.
இடது வலது என்று அடையாளம் போட்டு விற்கிறவனை
அந்த நேரம் மன்னிக்க முடியவில்லை.
மூன்றாவது இடது.
குதி பாதி ஏறியபோது காரை விட்டுவிட்டார்கள்.

"என்ன நடந்தது?"
"டயர் மாற்றினேன்."
"அதுக்குப் பதினொண்டு. மிச்சம் நாலு விநாடி?"
"அதுவும் டயர்தான்."
அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.
விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

முப்பத்துமூன்றாம் சுற்றில் ரேட்டோவின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது.
முப்பத்தைந்தில் அவன் நம்பர் தட்டை வாசித்தேன்.
கோட்டில் நாலு பத்திலொன்று பின்னால், ஏழாவது.
இன்னொரு சுற்று இருந்திருந்தால் என்று
சொல்லாத ஆள் இந்த லீக்கில் இல்லை,
ஆகையால் நான் சொல்லவில்லை.

ஒன்பதே முக்கால். கீழே இன்னும் செய்தி ஓடுகிறது.
காலையில் நாலரைக்குப் பணி.
படுக்கையில் ஃபோனைத் திறந்தால்
அடுத்த கிழமைக்கான தாள் வந்திருந்தது:
எரிபொருள், தரைச்சூடு, இடது முன்,
அதற்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு நிரல், "காலுறை".
முதல் கட்டத்தில் நூறு என்று
அவனே நிரப்பியிருந்தான்.